பல்புக்கு வைத்த பொட்டு

1975 அக்டோபர் 11, சனி

புழுக்கம். மழை வருவதுபோல் போக்குக் காட்டிவிட்டுப் போய்விட்டது. தி. நகர் கடைக்கு ஒருவழியாக ஹாலஜன் பல்புகள் வந்தன. மாலையே ஆதம்பாக்கம் யார்டுக்குக் கொண்டுபோனேன். கான்ட்ராக்டரின் புல்டோசருக்கு. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு.

எனக்குப் புரிந்தவரை: சாதா பல்பில் இழை ஆவியாகிக் கண்ணாடியில் கரியாகப் படியும். இதில் உள்ளே இருக்கும் ஹாலஜன் வாயு அந்த ஆவியைப் பிடித்து இழையிடமே திரும்பக் கொண்டுபோய் விடும். கடைசிவரை ஒரே வெளிச்சம். அதற்குக் கண்ணாடி அடுப்பாகச் சுட வேண்டும். விரல் படக் கூடாது. பிசுக்கு ஒட்டிய இடம் மட்டும் அதிகம் சுட்டு, கொப்புளித்து, உடையும்.

பெட்டியை வாங்கிக்கொண்டது வடிவு. கான்ட்ராக்டரின் மகள். என் டைரியில் எனக்கென்ன வெட்கம், ஐப்பசியில் எங்களுக்கு நிச்சயதார்த்தம். “சுத்தமா இருக்கணும். தூசி ஒட்டக் கூடாது” என்றேன். வேறு ஏதாவது பேசியிருக்கலாம். கட்டிக்கொள்ளப் போகிறவளிடம் தூசியைப் பற்றிப் பேசுகிற ஒரே ஆள் நான்தான்.

வாங்க வேண்டியது: பல்பொடி, அம்மாவுக்கு வெற்றிலை, செருப்புக்குத் தையல்.

அக். 14, செவ்வாய். விஜயதசமி

முதல் விளக்கேற்றம். கான்ட்ராக்டர் என் அம்மாவையும் அழைத்திருந்தார். நேற்றைய ஆயுத பூஜையில் புல்டோசருக்கு மாலை, பட்டை, பூசணிக்காய் எல்லாம் ஆகியிருந்தது. துணியால் பிடித்து நானே பல்புகளை மாட்டினேன். சந்தன வாசனை. ஷெட்டே அப்படித்தான் மணந்தது.

அந்தியில் ஸ்விட்சைப் போடச் சொன்னார்கள் வடிவை. போட்டாள். யார்டு முழுக்க வெள்ளை வெளிச்சம். அம்மா வாயைப் பிளந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காப்பி குடித்து முடிப்பதற்குள் முன்விளக்கு ஒன்று பட்டென்று வெடித்தது.

டிரைவர் கோவிந்தன், சைதாப்பேட்டைக்காரர், சமாதானம் சொன்னார்: “இன்னா சார், நல்ல நாளும் அதுவுமா பூட்ச்சி. மீதி எரிஞ்சிகினுதான கீது, வுடு.”

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அம்மா சொன்னாள்: “சகுனம் சரியில்ல.”

அக். 16, வியாழன்

மற்ற மூன்றும் போயின. கழற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒரே உயரத்தில் வெள்ளைக் கொப்புளம், பொட்டளவு. வடிவிடம் கேட்டேன். ஒளிக்கவில்லை, பாவம்.

“பூசைக்கு வெளிய எடுத்து வச்சேன். பொட்டு வைக்காம எப்படி வண்டில ஏத்த? சுத்தமா இருக்கணும்னு சொன்னியள்லா, அதான் பெறகு முந்தானையால நல்லாத் தொடச்சு வச்சேன்.”

சிரித்துவிட்டேன். அவளும் சிரித்தாள். சகுனமாவது மண்ணாவது, சந்தனம்! இதைச் சொன்னால் அம்மாவின் பயம் தெளிந்துவிடும். வழியெல்லாம் சந்தோஷம்.

சொன்னேன். அம்மா பருப்பைக் கடைந்துகொண்டே கேட்டாள். பிறகு, “அப்போ அவ கை பட்டுத்தான் வெடிச்சிருக்கு” என்றாள்.

“யார் கை பட்டாலும் வெடிக்கும்மா. உன் கை பட்டாலும் வெடிக்கும்.”

“என் கை படலையே. பட்டது அவ கை. கைராசி இல்லாத புள்ளடா அது.”

விளக்கம் சொல்லச் சொல்ல அவளுக்கு உறுதிதான் கூடியது.

அக். 20, திங்கள்

தூறல். குடை யார் வீட்டிலோ.

நான் கடையில் இருந்தபோது மாமாவை ஆதம்பாக்கத்துக்கு அனுப்பி ஜாதகத்தைத் திருப்பி வாங்கிவிட்டாள் அம்மா. என்னிடம் கேட்கவில்லை. காரணத்தையும் மாமா அங்கேயே உடைத்துச் சொல்லியிருக்கிறார். வெடித்தது அவள் கையால்தான் என்று பையனே சொன்னானாம். பையன் நான்தான்.

அம்மாவிடம் கத்தினேன். “நல்லதுக்குத்தான்” என்கிறாள். நல்லது கெட்டது பார்க்கிற நிலையில் நான் இல்லை. எனக்கு வடிவு வேண்டும். குளிக்கும்போது அழுதேன். தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது.

அக். 21, செவ்வாய்

லீவு போட்டுவிட்டுப் போனேன். அம்மா வராவிட்டாலும் நான் கட்டிக்கொள்கிறேன் என்று கான்ட்ராக்டரிடமே சொன்னேன். மனிதர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

“நீங்க நல்ல பிள்ளதான் தம்பி. ஆனா எம் மவ கையக் கொற சொன்ன வீட்டுல அவ கை நனைக்க வேண்டாம்.”

“நான் அப்படிச் சொல்லலைங்க.”

“நீங்க என்ன சொன்னியளோ. எங்களுக்கு வந்து சேந்தது அதுதான்.”

வடிவு வெளியே வரவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. சைதாப்பேட்டை வரை நடந்தே வந்தேன். எதற்கு நடந்தேன் என்று தெரியவில்லை.

அக். 24, வெள்ளி

கடையில் வேலை ஓடவில்லை. பல்பைப் பற்றி யாராவது கேட்டால் முதலாளியைக் காட்டிவிடுகிறேன். தீபாவளிச் சட்டைக்கு அளவு கொடுக்கச் சொல்லி அம்மா இரண்டு தடவை ஞாபகப்படுத்தினாள். கொடுக்கவில்லை. சாப்பிட்டாயா என்கிறாள். சாப்பிட்டேன் என்கிறேன்.

அக். 28, செவ்வாய்

நல்ல மழை, மாலையில் விட்டது. வேறு ஆளை அனுப்புங்கள் என்று முதலாளியிடம் கெஞ்சிப் பார்த்தேன். நடக்கவில்லை. புதுப் பல்புகளோடு ஆதம்பாக்கம். சந்தனம் பட்டதுதான் காரணம் என்று சொல்லி, எல்லோரும் பார்க்க ஸ்பிரிட்டால் துடைத்து மாட்டினேன். கோவிந்தன் ஸ்விட்சைப் போட்டார். காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

“நீங்க சொன்னது சரிதான் தம்பி. சந்தனந்தான் கோளாறு” என்றார் கான்ட்ராக்டர்.

அதை வடிவிடம் சொல்லுங்கள் என்றேன்.

“சொல்லாம இருப்பனா? காதுல வாங்க மாட்டேங்கா. வீட்டுல இப்ப சாமி வெளக்கு ஏத்துறது அவ அண்ணிதான். இவ தீப்பெட்டியக்கூடத் தொட மாட்டேங்கா.”

ஸ்பானரையும் துணியையும் எடுத்துப் பையில் போட்டேன். போட்டதையே திரும்ப எடுத்து, திரும்பப் போட்டேன்.

வீட்டில் அம்மா கேட்டாள்: “எல்லாம் எரிஞ்சுதா?”

எரிந்தது என்றேன்.