மிதந்து வந்த துண்டு

14 பிப்ரவரி 2024, புதன்

ஐம்பத்தேழு. இன்னும் மூன்று கணையப் புற்று கிடைத்தால் என் ஆராய்ச்சிக்கு அறுபது பேர் ஆகிவிடுவார்கள். புற்று நரம்பைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் ஊர்கிறது, அப்படி ஊர்ந்தால் ஆள் எத்தனை மாதம் தாங்குகிறான் — இரண்டு வருடமாக மைக்ராஸ்கோப்பில் நான் எண்ணுவது இதைத்தான்.

இன்று வந்த நான்கு பயாப்ஸியிலும் புற்று இல்லை. எனக்குச் சலிப்பாக இருந்தது. நான்கு குடும்பங்கள் சாமிக்குச் சூடம் ஏற்றுகிற நேரத்தில் நர்மதா டாக்டருக்குச் சலிப்பு!

எங்கள் துறைத் தலைவர் தாமோதரன் சார் போகிற போக்கில் கேட்டார். "என்னம்மா, அறுபது தேறுமா? இல்ல நானே மூணு பேருக்கு வரவைக்கணுமா?" எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

16 பிப்ரவரி, வெள்ளி

மதியம் டெக்னீஷியன் ஜாபர் பாய் தொழுகைக்குப் போய்விட்டார். "ரெண்டு மணிக்கு வந்து வெட்டித் தரேன் மேடம்" என்றார். அதற்குள் சர்ஜன் ரவிக்குமார் போன். ஒரு மஞ்சள் காமாலைக்காரர், கணையத்தில் வீக்கம். புற்றாகவும் இருக்கலாம், வெறும் அழற்சியாகவும் இருக்கலாம். அழற்சி என்றால் மாத்திரையிலேயே வடிந்துவிடும். "உன் ரிப்போர்ட்டப் பார்த்துத்தான் கத்திய எடுக்கணும்" என்றார்.

நானே மெஷினில் உட்கார்ந்தேன். டாக்டர்கள் இங்கே வெட்டுவதில்லை, கௌரவக் குறைச்சல். எனக்கு ஜாபர் பாய் சொல்லிக்கொடுத்திருக்கிறார். மெழுகில் பதித்த சதையை வெங்காயச் சருகாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு, கண்ணாடியில் ஏந்த வேண்டும். முதலில் எண்ணூரிலிருந்து வந்த ஒரு நோயாளி அம்மாவின் கணையக் கட்டி, அது புற்றென்று ஏற்கெனவே தெரியும். அடுத்து காமாலைக்காரர். பசி வேறு. பத்து நிமிடத்தில் இரண்டையும் முடித்தேன்.

பதிவேட்டில் வெட்டியவர் என்ற இடத்தில் ‘ஜா’ என்று போட்டேன். அங்கே டாக்டர் பெயர் வரக்கூடாது. யார் வெட்டினாலும் ‘ஜா’தான்.

17 பிப்ரவரி, சனி

காமாலைக்காரர் கிருஷ்ணப்பன், வயது 44. கண்ணாடியில் நிறைய அழற்சி. ஓரமாக ஒரே ஒரு துண்டு — புற்று! அதிலும் நரம்பைச் சுற்றிய புற்று. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

ஐம்பத்தெட்டு.

20 பிப்ரவரி, செவ்வாய்

ரிப்போர்ட் வாங்க அந்த ஆளே வந்திருந்தார், கூட மனைவி சொக்கம்மாள். சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு ஏற்றுகிறவர். கை ஒவ்வொன்றும் உலக்கை. கண் மட்டும் மஞ்சள்.

"இன்னா மேடம், அதானா? அதான்னா அதான்னு சொல்லு. சுத்தி வளச்சிக்கினு கீறாங்கோ எல்லாரும்."

சர்ஜன் சொல்வார் என்றேன். சொக்கம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

5 மார்ச், செவ்வாய்

கிருஷ்ணப்பனுக்கு ஆபரேஷன் ஏழு மணி நேரம். கணையத் தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, பித்தக்குழாய், இரைப்பையில் கொஞ்சம் — எல்லாம் எடுத்தாயிற்று. நமக்கு வாளியில் வந்திருக்கிறது.

14 மார்ச், வியாழன்

புற்று இல்லை.

முதலில் முப்பது துண்டு பார்த்தேன். இல்லை. மிச்சம் மீதி எல்லாவற்றையும் போட்டேன், எழுபத்து நான்கு. எங்கேயும் இல்லை. குழாயைச் சுற்றிச் சுற்றி அழற்சி அணுக்கள்தான். இது மாத்திரைக்கு அடங்குகிற நோய். மூன்று மாதம் ஸ்டீராய்டு தின்றிருந்தால் அந்த மனுஷன் லோடு ஏற்றப் போயிருப்பான்.

அப்போ அந்தத் துண்டு எங்கிருந்து வந்தது?

15 மார்ச், வெள்ளி

பழைய பயாப்ஸி கண்ணாடியை மறுபடி வைத்தேன். துண்டுகள் ஏழு. மெழுகுக் கட்டியில் எண்ணினேன், ஆறு. இன்னும் ஆழமாக வெட்டிப் பார்த்தேன். ஆறுதான். அந்த ஏழாவதன் பக்கத்தில் எண்ணூர் அம்மாவின் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். அதே அணு. அதே நரம்பு.

ஒரு ஆளுக்கும் அடுத்த ஆளுக்கும் நடுவில் தொட்டித் தண்ணீரின் மேலே காகிதத்தை இழுத்துத் துடைக்க வேண்டும். முந்தினவர் சதை மிதந்துகொண்டிருந்தால் அடுத்தவர் கண்ணாடியில் ஏறிக்கொள்ளும். ஜாபர் பாய் பேப்பரைக் கிழித்து மடித்து வைத்திருப்பார். நாளைக்கு நூறு முறை துடைப்பார்.

நான் தொடைக்கல. ஐயோ, நான் தொடைக்கவே இல்ல. பசின்னு எழுதி வெச்சிருக்கேன் பாரு, எரும மாடு. பசியாம்.

வீட்டில் அம்மா கேட்டாள். "இன்னாடி, பேயறஞ்ச மாரி கீற?" தலைவலி என்றேன்.

18 மார்ச், திங்கள்

தாமோதரன் சாரிடம் இரண்டு கண்ணாடியையும் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார்.

"யார் வெட்டினது?"

அவரே பதிவேட்டைப் புரட்டினார். ‘ஜா’ மேல் விரலை வைத்தார். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்க எவ்வளவு நேரம் இருந்தது! கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஜாபர் பாய் நோன்போடு குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார்.

சார் பதிவேட்டை மூடினார்.

"மே மாசம் அங்கீகாரத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன். இப்ப இது வெளிய போனா லேபையே பூட்டிருவாங்க. ‘அகற்றிய உறுப்பில் மிச்சப் புற்று காணப்படவில்லை’ன்னு எழுது. நிஜம்தானே? கேட்டா, சின்னப் புற்று, பயாப்ஸியோடயே முழுசா வந்திருச்சுன்னு சொல்லிக்கலாம். நடக்கிறதுதான்."

எழுதினேன். அந்த வரியில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. அதுதான் இதில் கலீஜ்.

1 ஏப்ரல், திங்கள்

ஜாபர் பாயின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பதினாறு வருடம். பெருநாளுக்கு இன்னும் பத்து நாள்.

படிக்கட்டில் நிறுத்தினார். "வெள்ளிக்கிழம மதியம் நான் மசூதில இருந்தேன் மேடம். உங்களுக்குத் தெரியும். ஒரு வார்த்த சொன்னீங்கன்னா போதும்."

"பாக்குறேன் பாய்."

"பாருங்கோ. பாக்குறதுதானே உங்க வேல."

கொருக்குப்பேட்டை பஸ்ஸில் ஏறும்வரை ஜன்னலில் நின்றேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் குனிந்திருப்பேன்.

24 ஏப்ரல், புதன்

கிருஷ்ணப்பனுக்கு கீமோ ஆரம்பித்துவிட்டார்கள்!

மிச்சம் இல்லையென்றால் கீமோ தரமாட்டார்கள் என்றுதான் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். புற்றுநோய் டாக்டர்கள் கூட்டத்தில் என் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுத்து, "நரம்பு வரைக்கும் போயிருக்கு, சின்ன வயசு, ஆறு மாசம் குடுத்திருவோம்" என்று முடிவெடுத்தார்களாம். நரம்பு என்ற அந்தச் சொல் என்னுடையது.

ரவிக்குமாருக்கு ஒரு மெயில் அடித்தேன். ‘அந்தப் புற்று இவருடையதல்ல. கீமோவை நிறுத்துங்கள். வெட்டியது நான்.’ மூன்றே வரி. படித்தேன். நாளைக்கு அனுப்பலாம் என்று சேமித்து வைத்தேன்.

வேலை போகும். டாக்டர் பதிவும் போகலாம். ராயபுரத்தில் கடலுக்குப் போகிற எங்கள் சனத்தில் டாக்டர் என்று எழுந்தது நான் ஒருத்திதான். ஆமாம், இதையெல்லாம் எண்ணினேன். எண்ணுவதில்தான் கெட்டிக்காரி ஆயிற்றே.

16 மே, வியாழன்

அனுப்பவில்லை.

12 ஜூன், புதன்

லிஃப்ட் பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள். அடையாளம் தெரியவில்லை. தலையில் ஒரு முடி இல்லை, சட்டை கம்பியில் மாட்டினது போலத் தொங்குகிறது. சொக்கம்மாள் இடுப்பைத் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"மேடம், மூணாவது ஊசி இன்னிக்கி. வாயெல்லாம் புண்ணு. கஞ்சிகூட எறங்க மாட்டேங்குது. போதும், வுட்டுருங்கோன்றேன், இவ வுட மாட்டேன்றா."

"அவுருக்கு நீங்களே சொல்லுங்கம்மா, நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள் சொக்கம்மாள்.

விட்டுவிடுங்கள், வீட்டுக்குப் போங்கள், உங்களுக்கு ஒன்றுமே இல்லை — இதைச் சொல்ல எத்தனை மூச்சு வேண்டும்?

"தாங்கிக்கோங்க" என்றேன். "இன்னும் மூணுதானே."

தலையாட்டினார். டாக்டர் சொல்லிவிட்டாள் என்று தலையாட்டினார்!

3 ஜூலை, புதன்

கிருஷ்ணப்பனை நேற்று காய்ச்சலோடு சேர்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் வெள்ளணு கிட்டத்தட்ட இல்லை. கீமோ அடித்த அடி. ஐ.சி.யு. வாசல்வரை போய்த் திரும்பிவிட்டேன்.

5 ஜூலை, வெள்ளி

காலை நான்கு பத்துக்குச் செத்துவிட்டார்.

சாயந்தரம் மூலக்கொத்தளம் சுடுகாட்டுக்கு எடுத்துப்போனார்கள் என்று வார்டு பாய் சொன்னான். மெயிலை அழித்துவிட்டேன். இனி யாருக்கு அனுப்ப?

9 ஆகஸ்ட், வெள்ளி

ஆராய்ச்சிக்குச் சதையைப் பயன்படுத்த ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்கிறது நெறிமுறைக் குழு. இறந்தவர் என்றால் குடும்பத்தார் போட வேண்டும். ஐம்பத்தெட்டை விட்டுவிடலாமா என்று தாமோதரன் சாரிடம் கேட்டேன். "விட்டா ஏன் விட்டேன்னு கேப்பாங்க" என்றார்.

சொக்கம்மாளுக்கு நேற்று நானே போன் செய்தேன். இன்று காலையே வந்து நின்றாள். எங்கே போட வேண்டும் என்று கேட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள்.

"எட்துக்கோம்மா. எல்லாத்தையும் வெச்சிப் பட்ச்சிப் பாருங்கோ. அவுருக்கு ஆன மாரி இன்னொருத்தருக்கு ஆவக்கூடாது."

என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கடைசி வரைக்கும் நல்ல வார்த்தை சொன்னது நான் ஒருத்திதானாம். செத்துப்போயிடலாம்னு இருந்துச்சு. சாகல. படிவத்தைக் கோப்பில் வைத்தேன், பட்டியலில் இறப்புக்குக் காரணம் என்ற கட்டத்தில் ‘நோய்’ என்று இட்டேன்.

21 நவம்பர், வியாழன்

அறுபது பேரைப் பற்றிய கட்டுரையை இதழில் ஏற்றுக்கொண்டார்கள்.

மதிப்பாய்வு செய்தவர்களில் ஒருவர் ஐம்பத்தெட்டாம் நபரைப் பற்றி மட்டும் ஒரு பத்தி எழுதியிருக்கிறார். அகற்றிய உறுப்பில் ஓர் அணுகூட மிச்சமில்லாத சின்னப் புற்று, ஆனாலும் ஆபரேஷனுக்குப் பின் நான்கே மாதத்தில் மரணம். மிக முக்கியமான கண்டுபிடிப்பு என்கிறார். இப்படிப்பட்ட சின்னப் புற்றுக்கு இன்னும் பலமான கீமோ தர வேண்டும் என்று மற்ற டாக்டர்களை எச்சரித்துத் தனிக் கட்டுரையாக எழுதச் சொல்கிறார்.

தாமோதரன் சார் எல்லோரையும் அழைத்துக் கைதட்டச் சொன்னார். அந்தத் தனிக் கட்டுரையை மாதக் கடைசிக்குள் அனுப்ப வேண்டும். முதல் பக்கம் இன்று எழுதி முடித்துவிட்டேன்.