பொற்கொடி ‘நின்னுக்கறேன்’ என்றாள்

நெய்வேலி, 21ஆவது பிளாக்

அன்பு மகள் சைமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் அத்தாவும் நல்ல சுகம், உங்கள் இருவரின் சுகத்துக்கும் தினமும் துஆ செய்கிறோம். அத்தாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனாலும் வடலூர் போகிற சாக்கில் மைசூர்பாகு தின்றுவிட்டு வருகிறார், கேட்டால் முழிக்கிற முழியே சொல்லிவிடுகிறது. டப்ளினில் நீ டீம் லீடர் ஆனதைக் கேட்டு எங்கள் கேன்டீனில் எல்லோருக்கும் கேசரி கிண்டிப் போட்டேன். நானும் உனக்குக் குறைந்தவள் இல்லையடி, ரம்ஜானுக்குப் பிறகு காய்கறிப் பிரிவுக்கு நான்தான் சூப்பர்வைசர், என் கீழே எட்டுப் பெண்கள். அதில் நான் அடித்த கூத்தைக் கேள்.

பன்னிரண்டு வருஷமாகக் காய் நறுக்குகிற பொற்கொடி போன வியாழக்கிழமை வந்து, பீவிம்மா, நாளையிலேர்ந்து நான் நின்னுக்கறேங்க என்றாள். அடுத்தவர் வாயிலிருந்து பேச்சைப் பிடுங்குகிற புத்திதானே எனக்கு! வேலையை விட்டு நிற்கிறாள் என்று நானே முடிவுகட்டி, சரி போ, நல்லாயிரு என்றுவிட்டேன். அவள் மறுபடி வாயெடுத்தாள், அதற்குள் காய்கறி வண்டி வந்துவிட்டதென்று ஓடிவிட்டேன். ஆபீசில் அவள் பேரையும் அடிக்கச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை ஷிப்டுக்கு வழக்கம்போல வந்தவளைக் கேட்டில் உள்ளே விடவில்லை. போய்ப் பார்த்தால் சாப்பாட்டுப் பையோடு நின்று அழுகிறாள். சைமா, அவள் சம்பளத்தில்தான் இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். சைக்கிள் ஸ்டாண்ட் திட்டில் உட்காரவைத்து, அவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசிவிடாமல் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டேன், நிஜமாகவே கடித்தேன். முட்டி வீங்கிகினு கெடக்குதுங்க, குந்தி நறுக்க முடியல, நின்னுகினு நறுக்கிக்கறேன்னுதான சொல்ல வந்தேன், வூட்டுக்கே அனுப்பிட்டீங்களே என்றாள்.

ஆபீசுக்கு ஓடினேன், தப்பு என்னுடையதுதான் என்று சொல்லி அவள் பேரைத் திரும்ப எழுதவைத்தேன். மேனேஜர் சிங்காரவேல் வயிறு குலுங்கச் சிரித்து, சும்மா கிடந்த இரண்டு உயர மேஜைகளைக் கொடுத்தார். அதைப் பார்த்ததும் மற்ற ஏழு பேரும், எங்களுக்கும் முட்டிதாங்க என்று வந்து நின்றார்கள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்றேன், நீங்க எங்கங்க சொல்ல வுட்டீங்க என்று மாணிக்கம்மாள் போட்டாளே ஒரு போடு! இப்போது எட்டுப் பேரும் நின்றுகொண்டே நறுக்குகிறார்கள், ஒரே சிரிப்பும் அரட்டையும், வேலையும் சீக்கிரம் முடிகிறது. காது கொடுத்துக் கேட்பதற்கு உன் ஆபீசில் ட்ரெயினிங் வைத்தார்கள் என்று நீ சொன்னபோது, அதற்கொரு படிப்பா என்று கேலி செய்தேனே, அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சிரித்துக்கொண்டே, அம்மா, டாக்டர்கிட்ட போயிருந்தோம் என்று ஆரம்பித்தாய். நான் உடனே, ஜலதோஷமா, மிளகு ரசம் வை என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். ஜலதோஷத்துக்கு யாராவது சிரிப்பார்களா என்று நேற்றுதான் எனக்கு உறைத்தது! அல்லாஹ் உன்னை நல்லபடியாக வைத்திருப்பானாக, மாப்பிள்ளைக்கு என் சலாம். கனமான எதையும் தூக்காதே. வெள்ளிக்கிழமை மறக்காமல் கூப்பிடு கண்ணே, விட்ட இடத்திலிருந்து சொல், நான் மூச்சுவிட மாட்டேன்.

இப்படிக்கு, உன் வாயாடி அம்மா,
ஜான் பீவி