ஆள்காட்டி விரலைத் தொட்டால்

சேசு மரி சூசை துணை

அன்பு மனைவி மர்சலினுக்கு, ராயப்பேட்டையிலிருந்து ஸ்தனிஸ்லாஸ் எழுதுவது. நீயும் பிள்ளையும் சுகமென்று படித்ததும் தெம்பு வந்தது. நானும் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

கண்ணாடி கிழித்த கையை நினைத்துப் பயப்படாதே. டாக்டர் தைத்த நரம்பு வளர்ந்து, உணர்ச்சி திரும்பிவிட்டது. ஒரு வேடிக்கை கேள்: ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்டதுபோல் இருக்கிறது. நரம்பு இடம் மாறிச் சேர்ந்துவிட்டதாம்.

இதைக் கேட்ட எங்கள் டெலிபோன் ஆபீஸ் சூப்பர்வைசர், "இனிமே உனக்குக் கம்பி ஒட்ற வேலை ஆவாதுப்பா, கேட்டாண்ட வாட்ச்மேனா போய் குந்திக்கோ" என்றார். எனக்கு வந்ததே கோபம்!

"ரெண்டு லைன் மாறிப்போனா எக்ஸ்சேஞ்சையே மூடிருவோமா சார்? போர்டுல எந்தத் துவாரத்துல யார் குரல் வருதுன்னு ஆபரேட்டர் பழகிக்கிற மாதிரி என் மூளையும் பழகிக்கும்" என்றேன். இப்போது தினமும் கண்ணை மூடிக்கொண்டு கம்பி முறுக்கிப் பார்க்கிறேன். தப்பு குறைந்துகொண்டே வருகிறது.

தடவிப் பழகப் புளியங்கொட்டையும் சோழியும் அனுப்பு. பிள்ளையின் பழைய சட்டை ஒன்றும் வை. அது பழகுவதற்கு அல்ல.

ஊருக்கே வந்துவிடச் சொல்லி உன் அண்ணனை எழுத வைக்காதே. வர மாட்டேன்.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. எழுத்து கோணல் என்று சிரிக்காதே. கை கிழிந்த பிறகு இதுவரை வந்த கடிதங்களெல்லாம் பக்கத்து அறைக்காரர் எழுதித் தந்தவை. இது என் கை.