உப்பு போட்ட மூங்கில் இலை

மரியே வாழ்க

இராயபுரம்

அன்புள்ள ரூத்துக்கு,

சாவியோ எழுதுவது. மாதா கிருபையால் சுகம். டேராடூன் குளிரில் உன் மூட்டு வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் இரண்டாவது வார்த்தையிலேயே சண்டை வருகிறது. அதனால் இலையோடு இந்தக் கடிதத்தையும் கூரியரில் அனுப்புகிறேன்.

போன முறை அனுப்பிய மூங்கில் இலையில் செல் அறைகளெல்லாம் சுருங்கிப்போய் மைக்ரோஸ்கோப்பில் எதுவுமே தெரியவில்லை என்று திட்டியிருந்தாய். கெட்டுப்போகக் கூடாதே என்று கல்லுப்பு தூவிக் காயவைத்தேன். கடல் தொழில் பார்த்த வீட்டில் பிறந்தவன், மீனுக்குச் செய்வதை இலைக்கும் செய்துவிட்டேன். இந்த முறை நீ சொன்னபடி பழைய பேப்பருக்கு நடுவில் வைத்து அழுத்தித்தான் காயவைத்திருக்கிறேன்.

வீட்டு ஓனர் இடத்தை விற்றுவிட்டார். ஈஸ்டர் முடிந்ததும் இடிக்கப் போகிறார்களாம். மீஞ்சூரில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வீடு பார்த்துவிட்டேன், பின்னால் கொஞ்சம் மண் தரையும் இருக்கிறது. இதைச் சொன்னதற்கு, நீங்கள் முதலில் போங்கள், நான் வருவதை அப்புறம் பார்க்கலாம் என்றாய். அந்தப் 'பார்க்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை ரூத். கிறிஸ்துமஸுக்கும் அதையேதான் சொன்னாய்.

கொல்லை மூங்கிலும் இடத்தோடு போய்விடும். நம் கல்யாணப் பந்தலுக்கு நட்ட பச்சைக் கழிகளில் ஒன்றைப் பிடுங்க மறந்து, அது மழையில் துளிர்த்ததே, ஞாபகம் இருக்கிறதா? என்ன ரகம் என்று கேட்டேன். பூவை வைத்துச் சொல்லலாம், ஆனால் மூங்கில் பூப்பதற்குள் நமக்கு வயதாகிவிடும், இலைக்குள்ளேயே அடையாளம் இருக்கிறது என்றாய். குருமாவுக்கு வாங்கிய கேரட்டைப் பிளந்து, இலை மடங்காமல் இருக்க அதன் நடுவில் வைத்து, என் ஷேவிங் பிளேடால் மெலிசாகச் சீவினாய். மறுநாள் அதே பிளேடால் முகத்தைக் கீறிக்கொண்டு ஹார்பர் ஷிப்ட்டுக்குப் போனேன்.

உன் காலேஜ் மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னாய். விசிறி விரித்த மாதிரி அறைகள் தெரிகிறதா, வெயிலில் இலையைச் சுருட்டுவது அவைதான் என்றாய். எனக்கு என் இமைமுடிதான் தெரிந்தது. ஆனாலும் தெரியுது என்றேன். பொய் என்று கண்டுபிடித்து, சுவரில் சாய்ந்து சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக இன்னும் எத்தனை பிளேடு வேண்டுமானாலும் தருவேன். ஒப்பிட்டுப் பார்க்க மற்ற ரகங்களின் இலைகள் இங்கே இல்லை என்று அன்று அப்படியே விட்டுவிட்டாய். இப்போது நீ வேலை பார்க்கும் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் எல்லா ரகமும் இருக்கிறது.

நேற்று மீன் கொண்டுவந்த மங்கை, பேப்பருக்குள் இருந்த இலையைப் பார்த்துவிட்டாள். "இன்னாண்ணே, தானா மொளச்ச கழி, ரகம் தெரியாட்டியும் வெட்டி நட்டா மறுபடியும் மொளைக்கும். இதுக்குப் போயி அக்காவுக்கு இலை அனுப்பிகினு கீறியே?" என்றாள்.

அவள் சொல்வது சரிதான். அது மறுபடியும் வேர்விடும் என்று எனக்கும் தெரியும். ஆனால் வேறு எதைக் கேட்டாலும் ஒரு வரியில் முடிக்கிறாய், இலை என்றால் பக்கம் பக்கமாக எழுதுகிறாய்.

மீஞ்சூரில் குழி வெட்டிவிட்டேன். கழியை ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துப்போவேன். என்ன ரகம் என்று தெரிந்தால் போனில் சொல்லாதே, நேரில் வந்து சொல். தெரியாவிட்டாலும் வா.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன்,
சாவியோ