மிளகாய்த்தூள் பட்ட சுவெற்றர்

கஜந்தினி பிள்ளை,

உன் முதுகுப்பைக்குள் மிளகாய்த்தூளைக் கொட்டியது நான்தான். அம்மாவை ஏசாதே. ஐரோப்பா முழுக்கச் சுற்றி மூன்று மாதம் உறைப்பில்லாமல் சாப்பிடப் போகிறாயே என்று அரைக் கிலோவை அடியில் ஒளித்துவைக்கப் போனேன். தூள் பை வெடித்துவிட்டது. உடுப்பெல்லாம் தோய்த்துப் போட்டிருக்கிறேன்.

தோய்க்கும்போதுதான் அந்தச் சாம்பல் நிறச் சுவெற்றரைக் கண்டேன். ஆம்பிளைச் சுவெற்றர், பெரிய அளவு. நல்ல வேலையையும் விட்டுவிட்டுத் தனியாகப் போகிறேன் என்கிற பிள்ளைக்கு அது எதற்கு? ஆரோடை போகிறாய் என்று ஒரு கிழமையாகக் கேட்கிறேன், நீ பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரிக்கிறாய். அம்மாவோ, "அவளிட்டையே கேளுங்கோவன்" என்கிறா. நான் துப்பறிகிற ஆள் இல்லை. இரண்டு தரம் மோந்து பார்த்தேன், அவ்வளவுதான். தூள் மணம்தான் வந்தது.

கோழிக்கறி அடுப்பில் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போ. வீட்டுத் திறப்பையும் கொண்டுபோ. எப்ப திரும்பி வந்தாலும் மணி அடிக்கத் தேவையில்லை, நீயே கதவைத் திறந்து வரலாம்.

சாப்பாட்டுக் கடையில் என் சமையல் வேலை முடித்து மூன்று மணிக்கு நேரே கார் து நோர் ரயில் நிலையத்துக்கு வருவேன். உன்னை ரயில் ஏற்றிவிடத்தான். பக்கத்தில் ஆர் இருக்கிறான் என்று பார்க்க இல்லை.

அப்பா

பி.கு.: நல்ல பெடியன் என்றால் சொல்லு, கோபிக்க மாட்டேன். அவனுடைய சுவெற்றர் இன்னும் ஈரம்.

(கீழே, அவள் கையெழுத்தில்)

அப்பா, ஒருத்தரும் இல்லை. தனியாத்தான் போறன். எனக்கும் பயம்தான். ரயிலிலை பக்கத்துச் சீற்றிலை ஆம்பிளைச் சுவெற்றர் கிடந்தால் ஆரும் வந்து இருக்கமாட்டினம். கடையிலை அதை வாங்கேக்கை எனக்குத் தெரிஞ்ச ஆம்பிளை அளவு உங்கடை ஒண்டுதான்.