டேப் ஒட்டிய பட்டன்

உங்கள் கதைகளின் புதிய பதிப்பு நேற்று தபாலில் வந்தது. பிரித்ததும் அச்சு மை வாசனை. நேராக அந்தத் தகடு வெட்டும் பிரஸ் மெஷின் கதைக்குத்தான் போனேன். நீங்கள் திருத்திய வடிவத்தையே போட்டிருக்கிறார்கள். அதைப் பார்க்க நீங்கள் இல்லை; காலமாகி இரண்டு வருடமாகிறது.

முதல் வடிவத்தை ஹைதராபாத்தில் அமீர்பேட் ஹாஸ்டலில் தங்கியிருந்தபோது ஒரு பத்திரிகையில் படித்தேன். பாலாநகரில் ஒரு தொழிற்சாலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். தகடு வெட்டும் பிரஸ்ஸில் ஒருவன் விரலை இழக்கும் கதை. அன்றே இரண்டாம் முறையும் படித்தேன். ஆனால் அதில் ஒரு தவறு இருந்தது. அந்த மெஷினில் இரண்டு பட்டன்கள். இரண்டு கையாலும் சேர்த்து அழுத்தினால்தான் வெட்டும் பகுதி இறங்கும். கை உள்ளே போகாது. அதைப் பத்திரிகைக்கு எழுதிப் போட்டேன்.

சில நாள் கழித்து நீங்களே போன் செய்தீர்கள். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவரின் தமிழ்; 'ஆமா'வுக்கு 'ஹவ்', 'வேண்டாம்' என்பதற்கு 'நக்கோ' என்று ஊர் உருது கலந்தது.

"ஹவ், மெஷினைப் பார்க்காமலே எழுதிட்டேன். தப்புதான். அப்போ நிஜத்துல விரல் எப்படிப் போகுது?"

"வேலை சீக்கிரம் முடியணும்னு ஒரு பட்டனை அமுக்கி டேப் ஒட்டிடுவாங்க மேடம்."

"யாரு ஒட்டுறா?"

"ஆபரேட்டர்தான்."

"யாரு ஒட்டச் சொல்றா?"

"அது... எல்லா இடத்துலயும் ஒட்டிடுவாங்க மேடம்."

"ஒட்டிடுவாங்கன்னு பொத்தாம்பொதுவா நக்கோ. ஆளைச் சொல்லுங்க. இல்லன்னா என் கதையில மெஷின்தான் குத்தவாளியா நிக்கும்."

சூப்பர்வைசர்தான் ஒட்டச் சொல்வார் என்று அன்று தெரிந்ததைச் சொன்னேன். அதை வைத்துக் கதையைத் திருப்பி எழுதினீர்கள். உங்களை நேரில் பார்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். பார்க்கவில்லை.

போன வருடம் எங்கள் பிரஸ் பிரிவில் ஆபரேட்டர் யாதகிரியின் இடது கையில் இரண்டு விரல்கள் போயின. நான் அப்போது ஷிஃப்ட் சூப்பர்வைசர். 'தொழிலாளியின் கவனக்குறைவால் நேர்ந்த விபத்து' என்று அறிக்கை தயாராக வந்தது. என் கையெழுத்து மட்டும் பாக்கி. பட்டனில் டேப் ஒட்டியிருந்தது எனக்கு மூன்று வாரமாகத் தெரியும். பேனாவைத் திறந்துவிட்டேன். 'யாரு ஒட்டச் சொல்றா?' என்ற உங்கள் குரல் கேட்டது. அறிக்கையைத் தள்ளி வைத்துவிட்டுத் தனித்தாளில் நடந்ததை எழுதினேன்.

மேனேஜர் மதுரைக்காரர். படித்துவிட்டுச் சொன்னார்: "உன்னையே ஏன்யா இதுல இழுத்து விட்டுக்கிற? டேப் ஒட்டப்பட்டிருந்ததுன்னு எழுதினாப் போதாதா?"

"நான் பார்த்தேன் சார். எப்படியாவது சீக்கிரம் முடிங்கன்னு சொன்னதும் நான்தான்."

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. கவனக்குறைவு என்ற வார்த்தையை எடுத்துவிட்டார்கள். யாதகிரிக்கு ஸ்டோரில் வேலை கொடுத்து வைத்துக்கொண்டார்கள். என்னை சூப்பர்வைசர் பொறுப்பிலிருந்து எடுத்து, பாகங்களைச் சோதிக்கும் பகுதிக்கு அனுப்பினார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

ஒருநாள் ஸ்டோருக்குப் போனேன். யாதகிரி டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு தெலுங்கில் கேட்டார்: "அந்த மூணு வாரத்துல ஒருநாள் சொல்லியிருக்கலாமே சார்?"

டீ கிளாஸை வைத்துவிட்டு என் பகுதிக்குத் திரும்பினேன். அந்தக் கேள்விக்கு உங்களிடமும் பதில் இருந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இப்போது எதைப் பார்த்தாலும் அன்றைக்கே பதிவேட்டில் எழுதிவிடுகிறேன். 'நான்' என்றுதான் வாக்கியத்தைத் தொடங்குகிறேன்.