உன் வலது கை

அக்கா,

இன்று காலை பேரனுக்குச் சளி என்று மருமகள் மஞ்சள் கிழங்கை விளக்கில் சுட்டாள். அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எழுந்து தெருவுக்கு வந்துவிட்டேன். கிழவனுக்குப் புகை ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் தொடக்கம் அது. உன் மார்பிலிருந்த கட்டியை அறுத்தெடுத்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. புண் ஆறியதும் நோயும் போய்விட்டது என்று நம்பினோம். கடலை பறிக்கும்போதுதான் வலது கை வலிக்கத் தொடங்கியது. அக்குளிலிருந்து சுண்டுவிரல் வரை நெருப்பாக இழுக்கிறது என்றாய். பிறகு விரல்கள் மரத்துப்போயின. குழம்புச் சட்டி கை நழுவி உடைந்த அன்று, உன் மாமியார் கீரமங்கலத்திலிருந்து எனக்கு ஆள் அனுப்பினார்.

"வீக்கம் இருக்கா, காயம் இருக்கா, நீயே பாருப்பா. ஒங்க அக்காவுக்கு வேல செய்ய ஒடம்பு வணங்கல, அம்புட்டுத்தான்" என்றார், நான் போய்ச் சேர்ந்ததும். மச்சான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாயுப் பிடிப்பு என்று சூடு போடுகிறவரை வரவழைத்தார்கள்.

"வேணாம்னு சொல்லுடா தம்பி. எனக்கு உள்ளுக்குள்ள வலிக்குதுடா" என்றாய்.

"கொஞ்சம் பொறுத்துக்கக்கா" என்று உன் கையை அழுத்திப் பிடித்தவன் நான்தான்.

கனன்ற மஞ்சளைச் சுண்டுவிரலுக்குக் கீழே வைத்தார். தோல் கருகியது. நீ அசையவில்லை.

"பாத்தீங்களா, வலி போயிருச்சு" என்றார் அவர்.

"இருந்தாத்தானே போறதுக்கு" என்று உன் மாமியார் சிரித்தார்.

நீ என் பக்கம் திரும்பி, "சுட்டதே தெரியலடா தம்பி" என்றாய். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மறுநாள் யாரையும் கேட்காமல் உன்னைத் தஞ்சாவூர் பஸ்ஸில் ஏற்றினேன்.

டாக்டர் அக்குளை அழுத்திப் பார்த்தார். கையை நீட்டச் சொன்னார், மடக்கச் சொன்னார். "புத்துநோய் கை நரம்புக்குள்ள பரவிருச்சு. எத்தன நாளா வலிக்குதுன்னு சொல்றாங்க?"

"ஏழு மாசமாங்க" என்றேன்.

"இவ்வளவு நாளா என்ன பண்ணுனீங்க?"

நீதான் முந்திக்கொண்டு சொன்னாய். "நம்பலைங்க."

அடுத்த கடலை பறிப்புக்கு நீ இல்லை. கடைசி நாட்களில் அந்தக் கையில் சேலைத் தலைப்பு உரசினால்கூட அலறினாய்.

கருமாதி அன்று உன் மாமியார் பந்தியில் நின்று எல்லோரிடமும் சொன்னார்: "என் மருமவ பொறுமசாலி. ஒரு நாளும் வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னதில்ல." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் குனிந்தபடி சாப்பிட்டு முடித்துவிட்டு ஊருக்கு பஸ் ஏறினேன்.

அங்கே ஒரு வார்த்தை பேசியிருக்க வேண்டும். நீ சொன்னாய் அக்கா. எங்கள் ஒவ்வொருவரிடமும் சொன்னாய்.